காயாத கிளியர் மேல் வைத்த பொட்டு

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கை நடுங்குகிறது, வரி ஒரு பக்கம் மேலே ஏறுகிறது, ஒரு பக்கம் சரிகிறது. ஞாபகமும் முன்னைப் போல இல்லை. அடுப்பில் எதை வைத்தேன் என்பதே மறந்துபோகிறது. ஆனால் கோபம் மறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மற்றதும் பின்னாலேயே வரும் என்று எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம், இந்த வயசிலும் போகவில்லை.

ஒரு மர பஸ்ஸுக்குப் பூச்சு போட்டேன். அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கரும்பு வெட்டுதான். வெட்டு இல்லாத மாசத்தில் சும்மா இருக்க முடியாமல் கள்ளக்குறிச்சியில் ஒரு மரச்சிற்பப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன், அப்புறம் அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. பட்டறையில் ஆம்பளைகள் செதுக்குவார்கள். சாமி, யானை, வாசக்காலுக்குப் பூவேலை. பொம்பளைகள் நாங்கள் பின்பக்கக் கொட்டாயில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைஸ் தாள் வரைக்கும் தேய்த்துத் தேய்த்து மரம் கன்னம் மாதிரி ஆகவேண்டும். அப்புறம்தான் பாலிஷ் அறைக்குப் போகும்.

தேய்க்கிற வேலை என்றால் தூள். புருவத்தில் தூள், காதில் தூள், சோற்றுத் தூக்கைத் திறந்தால் சோற்றின் மேல் தூள். வாகைத் தூளுக்குத் தும்மல் நிற்காது. தேக்குத் தூள் தொண்டையில் உட்கார்ந்து காறும். விரல் நுனியில் ரேகையே போய்விட்டது எங்களுக்கெல்லாம். கொஞ்ச வருஷத்தில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும்.

பாலிஷ் அறைக்குக் கதவு உண்டு, கிழக்கே பார்த்த ஜன்னல் உண்டு. பூச்சு மேல் ஒரு தூசி விழக்கூடாது என்பதற்காக அந்த அறையை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். எங்கள் நெஞ்சில் தூசி விழுந்தால் பரவாயில்லை, யானைப் பொம்மை மேல் விழக்கூடாது. பாலிஷ் போடுகிறவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்குப் பனியன் துணி கிழித்துக் கொடுக்க, டின்னைத் திறந்து கொடுக்க நான் உள்ளே போவேன். உள்ளே போன கொஞ்ச நேரம் இருமல் வராது. எனக்கு வேறு எதற்கும் ஆசையில்லை. அந்த அறை எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆவணி வாக்கில் ஒரு ஆர்டர் வந்தது. வெள்ளிமலைக்குப் பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளி, தன்னுடைய பஸ்ஸை மரத்தில் அப்படியே சின்னதாகச் செய்து கொடுக்கவேண்டும் என்றார். புது ஆபீஸ் திறக்கப்போகிறார், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். பெயின்ட் அடிக்கக்கூடாது, மரம் மரமாகவே தெரியணும். எங்கள் பட்டறையில் அதுவரை யாரும் பஸ் செய்ததில்லை. சிற்பி ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கயிறு பிடித்து அளந்துகொண்டு வந்தார். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு. கண்டக்டர் கேட்டாராம், "இன்னாய்யா, பஸ்ஸுக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்று.

செய்து முடித்தபோது எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை. தேக்கு. ஜன்னல் கம்பி நெருப்புக்குச்சி கனம். பின்னால் ஏணி, மேலே மூட்டை போடுகிற கேரியர், உள்ளே வரிசையாகச் சீட்டு. நான்தான் தேய்த்தேன். ஜன்னல் சந்தில் தாள் போகாது என்று தாளைத் தென்னங்குச்சியில் சுற்றித் தேய்த்தேன்.

அப்போது பார்த்துப் பாலிஷ்கார அண்ணன் சேலம் பக்கம் ஒரு பெரிய பட்டறைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளாமலே சின்னசேலத்தில் ரயிலேறிவிட்டார் என்று பேச்சு. பட்டறை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கொட்டாய்க்கு வந்து என்னைப் பார்த்தார்.

"நீதானே அவனுக்குத் துணி கொடுத்துக்கினு இருந்த? பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேங்க."

"போட வருமா?"

எனக்குப் பக்கத்தில் தேய்க்கிற அக்கா, என்னைவிட மூத்தவர், அவர்தான் பதில் சொன்னார். "வரும்ங்க மொதலாளி. வூட்டுல தோசக்கல்லுக்கே எண்ண தடவறப்ப ஒரு சொட்டு ஜாஸ்தி வுடமாட்டா. அவ்ளோ கஞ்சத்தனம்." எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "இது நல்லா வந்துச்சின்னா பாலிஷ் அறை ஒனக்குத்தான். கெட்டுச்சின்னா தேய்க்கறதுக்கும் வராத," என்றார். எல்லார் காதும் கேட்கச் சொன்னார். அது முக்கியம். பின்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாகப் போடுகிற நிறமில்லாத வார்னிஷுக்குக் கிளியர் என்று பெயர். கேட்டால் லேசான வேலை. பிரஷ்ஷை முக்கு, தடவு. ஆனால் சின்ன பொருளுக்குக் கிளியர் போடுவது வேறு. யானைக்குப் போடுகிற கனத்தை அந்த பஸ்ஸுக்குப் போட்டால் ஜன்னல் மூலையெல்லாம் தேங்கிக்கொள்ளும். படிக்கட்டு மழுங்கிவிடும், ஏணிக் கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொத்த வண்டியும் வெல்லப்பாகில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும். பளபளக்கும், ஆனால் பஸ்ஸாக இருக்காது, மிட்டாயாக இருக்கும். பொருள் எந்த அளவுக்குச் சின்னதோ அந்த அளவுக்குப் பூச்சும் மெலிசாக இருக்கணும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மலைக்குப் போகிற பஸ்ஸைக் காலையில் ஸ்டாண்டில் கழுவி விடுவார்கள், தினம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்ப்பேன். தண்ணீர் வடிந்து வெயில் பட்டதும் ஒரு பளபளப்பு இருக்கும், தகடு தகடாகவே தெரியும், மேலே ஒன்றும் பூசின மாதிரி இருக்காது. அந்தப் பளபளப்புதான் இதற்கும் வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் போடுகிற மாதிரி நான் போடவில்லை. கிளியரில் டர்பன்டைன் ஜாஸ்தியாகக் கலந்தேன், தண்ணி மாதிரி ஓடுகிற அளவுக்கு. பழைய பனியன் துணியைச் சின்ன மூட்டையாகக் கட்டி, முக்கி, பிழிந்து, துணியில் ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வைத்துக்கொண்டு தடவினேன். ஜன்னல் சந்துக்கு மட்டும் மெல்லிய பிரஷ். மூலையில் தேங்கிய சொட்டைக் காய்ந்த பிரஷ் நுனியால் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அறையைப் பெருக்கவில்லை. தரையில் தண்ணீர் தெளித்து தூசியை அமுக்கினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன், தலையில் துணி கட்டிக்கொண்டேன். ஒரு பூச்சு போட்டால் ஒரு ராத்திரி காயணும். காய்ந்ததும் மரம் மயிர்க்கூச்செறிந்த மாதிரி சொரசொரவென்று நிற்கும். அதை வழவழத்துப்போன பழைய நைஸ் தாளில் சத்தமே வராமல் தேய்த்து, துடைத்து, அடுத்த பூச்சு. மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரம் அது. மூடாக்கு போட்ட நாளில் போட்டால் மங்கிப்போகும் என்று தெரியும். அதனால் வெயிலுக்குக் காத்திருந்தேன். முதலாளி தினம் வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னும் இன்னா மங்கலாவே இருக்குது? நல்லா தாராளமா ஊத்து," என்பார். நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றமாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் வெயில் அடித்தது. அன்றைக்குக் கடைசிப் பூச்சு போட்டேன். போட்டு முடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தபோது, கழுவி நிறுத்தின பஸ் அப்படியே நின்றது. தேக்கின் ரேகை ஒன்று முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் மலைப்பாதை மாதிரி ஓடியது. எனக்கு இருமல் வரவில்லை. அறை என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் கட்டியது. ஈரக் காற்று. மெலிசாகத்தான் போட்டிருந்தேன், ஆனாலும் கடைசிப் பூச்சு உள்ளே வரைக்கும் இறுக மறுநாள் முழுசும் வேண்டும். முதலாளி அம்மாவிடம், அதாவது முதலாளியின் பெண்டாட்டியிடம், போய்ச் சொன்னேன். அவர்கள் வீடு பட்டறைக்கு முன்பக்கமே இருந்தது.

"அம்மா, பஸ்ஸு இன்னும் காயலீங்க. அந்த அறைக்குள்ள யாரும் போவ வேணாங்க."

"சரிமே, நான் ஏன் போறேன் அங்க," என்றார் அவர், பூ கட்டிக்கொண்டே.

இதை நான் சொன்னேன். மறுநாள் நான் சொல்லவில்லை என்று ஆகிவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். சொன்னேன். என் குரல் சன்னம்தான், ஆனால் சொன்னேன், பதிலும் வந்தது.

மறுநாள் பூஜைக்கு எல்லாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டு, உளி, சுத்தி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மோட்டாருக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. என் பிரஷ், டர்பன்டைன் டின், பனியன் துணி வைத்திருந்த தட்டு, எல்லாம் பொட்டோடு வரிசையில் இருந்தன. நடுவில், மனைப்பலகை மேல், பஸ்.

முன் கண்ணாடிக்கு மேலே, ஊர் பேர் எழுதுகிற இடத்தில், கட்டை விரலால் அமுக்கி வைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம். பக்கவாட்டில் மூன்று. பின்னால் ஏணிக்குக் கீழே ஒன்று. நிஜ பஸ்ஸுக்குப் போடுகிற மாதிரியே சாமந்தி மாலை குறுக்கே கட்டி, ஈரப் பூ பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அந்தச் சின்னச் சக்கரம் ஏறி நசுக்காது என்று யாரோ பழத்தை முன்னாடியே நசுக்கி வைத்திருந்தார்கள், சாறு சக்கரத்தில் வழிந்திருந்தது.

முதலாளி அம்மாவிடம் போனேன்.

"அம்மா... அது காயலீங்களே," என்றேன்.

"காயாட்டி இன்னா? சந்தனம்தானே, காஞ்சா உதுந்துடும்."

"உதுராதுங்க. உள்ள போயி ஒக்காந்துக்கும்."

"நல்ல நாள்லயும் எதனா சொல்லிக்கினே இரு. வண்டிக்குப் பொட்டு வெக்காம வேற எதுக்கு வெப்பாங்க? பொரி வாங்கினியா நீ?"

பொரி. என் வேலை அங்கே கெட்டுக்கொண்டிருக்கிறது, கையில் பொரியையும் பொட்டுக்கடலையையும் கொட்டுகிறார்.

இன்னும் முழுசாக இறுகியிருக்காது என்று எனக்குத் தெரியும். அப்போதே துடைத்தால் போய்விடும். மென்மையான துணியில் துளி டர்பன்டைன் தொட்டு ஒற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு போட்டுவிடலாம். எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. முதலாளியிடம் போனேன். "அந்த டின்னும் துணியும் மட்டும் எடுத்துக்கறேங்க, ஒரு நிமிஷம்."

"தொடாத! சாமி முன்ன வெச்ச ஆயுதம். நாளைக்குக் காலைல பூஜ போட்டுத்தான் எடுக்கணும்."

"காலைல கல்லாயிடுங்க."

"ஆவட்டும். இன்னிக்கு ஆயுதத்தத் தொட்டா வருஷம் பூரா வேல படுத்துக்கும். இத்தன பேருக்கும் நீயா சோறு போடுவ?"

டின்னைத் தொடக்கூடாது. பிரஷ்ஷைத் தொடக்கூடாது. சரி. கையைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? அந்தப் பட்டறையில் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள், உளியைத் தட்டுகிற கொட்டாப்புளிக்குக்கூட. அத்தனையையும் தேய்த்த எங்கள் கைக்கு வைக்கவில்லை. அது ஆயுதக் கணக்கில் வராது போல. அப்படியானால் அதைக்கொண்டு வேலை செய்யலாம்தானே. நான் மனைப்பலகைக்கு எதிரே உட்கார்ந்து, மாலையை மெதுவாகத் தூக்கி, வாயால் ஊதினேன். மேலாக இருந்த குங்குமத் தூள் கொஞ்சம் பறந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு முன்பக்கப் பொட்டின் மேல் வைத்தேன்.

"ஐயோ, பொட்ட அழிக்கிறாளே!" என்று முதலாளி அம்மா கத்தினார். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா? ஒன் வூட்டுல ஆம்பள இல்ல?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பளைகள், பொம்பளைகள், பொரிக்கு வந்த தெருப்பிள்ளைகள். பொட்டை அழிக்கிறவள் என்று பேர் வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று பொம்பளைகளுக்குத் தெரியும். என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. பக்கத்து அக்கா என் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே இழுத்துக்கொண்டு போனார். "தே, வுடு. அது ஒன் பஸ்ஸா? நீயா டிக்கெட் கிழிக்கப் போற?"

"அது கெட்டா என்ன தேய்க்கவும் வராதன்னு சொல்லியிருக்காரு, அக்கா."

"அதுக்கு? பொட்டு வெச்சது அவன் பொண்டாட்டி. அவள வராதன்னு சொல்லுவானா?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொரியை ரோட்டில் கொட்டிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். அன்றைக்குச் சாமியின் மேலும் கோபம்தான். எழுதுவதற்கு என்ன, இருந்தது.

விஜயதசமி அன்று காலை போனபோது நான் நினைத்தபடியே ஆகியிருந்தது. சந்தனம் கிளியருக்குள் கால் பதித்து உட்கார்ந்திருந்தது. குங்குமம் சுற்றிலும் சிவப்பாக ஊறிப் படர்ந்திருந்தது. மாலை பட்ட இடத்தில் இதழ் இதழாகத் தடம், சக்கரத்தில் எலுமிச்சைச் சாற்றின் வெள்ளைக் கறை. சுரண்டினால் என்னுடைய பூச்சு மொத்தமும் போகும், திரும்பப் போட்டுக் காயவைக்க நாளில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் திறப்பு.

முதலாளி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். பெண்டாட்டியைப் பார்த்து அல்ல. "காயலன்னா நீ சொல்லியிருக்கணும்ல?"

"சொன்னேங்க."

"எவ கிட்ட சொன்ன?"

முதலாளி அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு, "எங்கிட்டயா? எங்கிட்ட யாரும் ஒன்னும் சொல்லல. அவ பேசறது அவ காதுக்கே கேக்காது," என்றார். ஆம்பளைகள் சிரித்தார்கள்.

முதலாளி கடையிலிருந்து சீக்கிரம் காய்கிற கெட்டி கிளியர் ஒரு டின் வாங்கி வரச்சொன்னார். "பொட்டு மேலயே ஊத்து. அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். மேல பளபளன்னு இருந்தா போதும்." நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. "இன்னா மொறைக்கிற? ஊத்து," என்றார். ஊற்றினேன். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு இன்னும், இன்னும் என்றார். ஒரு பூச்சு இறுகியதும் அதன் மேல் இன்னொன்று. ஜன்னல் மூலையெல்லாம் தேங்கியது. நான் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சப் போனால் "வுடு, வுடு" என்றார். படிக்கட்டு மழுங்கியது. ஏணி ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகை என்று நினைக்காதீர்கள். ஆத்திரம். அந்த பஸ் என் கையாலேயே மிட்டாய் ஆனது.

மறுநாள் பஸ் முதலாளி ஆளோடு வந்தார். நான் அறை மூலையில் நின்றேன். திட்டுவார், தூக்கிப் போடுவார், அப்போதாவது யார் செய்தது என்று விசாரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கப் பொட்டில் விரலை வைத்து, வழுக்குகிறதா என்று தடவினார். கண் கலங்கியது அவருக்கு.

"அடடா! பொட்டோடவே பண்ணிட்டீங்களே! ஆயுத பூஜ அன்னிக்கு என் வண்டி நின்ன மாதிரியே நிக்கிது. இது எப்படிய்யா அழியாம வெச்சீங்க?"

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது எங்க பட்டறைல மட்டும் செய்யற வேலைங்க. மத்தவங்களுக்கு வராது," என்றார்.

அன்றைக்கே பஸ் முதலாளி இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டுப் போனார், யாரோ சம்பந்திக்குப் பரிசு கொடுக்க. ஜீப். அதற்கும் பொட்டு வேண்டும்.

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "சொன்ன சொல்லு மாறமாட்டேன். நாளையிலேர்ந்து பாலிஷ் அறை ஒனக்கு. இதே மாதிரி போடணும். மொதல்ல ஒரு பூச்சு, அது அரகொறையா காயறப்ப பொட்டு, மேல கெட்டியா ஊத்தணும்."

என் வாழ்க்கையில் எதிர்த்துப் பேசியது மிகக் கம்மி. அன்றைக்குப் பேசினேன். "அது தப்புங்க. பொட்டு தெரியாம பட்டது. அதுக்கு மேல ஊத்தனது அதவிடத் தப்பு. வண்டி வண்டியாவே இல்லீங்க."

"யாருக்குத் தெரியுது தப்புன்னு? ஒனக்கும் எனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியுதுங்களே."

"ஒனக்குத் தெரிஞ்சா இன்னா ஆவப்போவுது? அறை வேணுமா, கொட்டா வேணுமா, அத்த சொல்லு."

கொட்டாயிலிருந்து தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்கு இருமல் வந்தது. இருமி முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"அறைங்க," என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் நான் மானத்தோடு வெளியே போயிருக்கவேண்டும் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் நெஞ்சில் பூனைக்குட்டி கத்தவில்லை. நான் அறைக்குள் போனேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன், இருமல் குறைந்தது. அந்தக் கொட்டாயில் தேய்த்தவர்களில் மூச்சு முட்டாமல் இந்த வயசு வரைக்கும் வந்தவள் நான். பக்கத்து அக்கா வரவில்லை. அது வேறு கோபம், அதை எழுத இந்தத் தாள் போதாது.

அப்புறம் நான் போட்ட வண்டிகளுக்கு அளவில்லை. பஸ், ஜீப், டிராக்டர், லாரி, கரும்பு ஏற்றின மாட்டு வண்டி. எல்லாவற்றுக்கும் அரைகுறையாகக் காய்ந்த பூச்சின் மேல் பொட்டு, அதன் மேல் பாகு. முதலாளி அம்மா சில நாள் வந்து, "தள்ளு, நான் வெக்கறேன். மொதல்ல வெச்சது என் கைதானே, ராசியான கை," என்று தானே வைப்பார். நான் தள்ளி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வேன். மெலிசாகப் போட்ட பூச்சு எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தரம் பார்த்தவளுக்கு, மற்ற எதைப் போட்டாலும் குமட்டும். வாங்குகிறவர்கள் ஒருத்தராவது, இதென்ன இவ்வளவு கனம், ஜன்னல் எங்கே, படி எங்கே என்று கேட்பார்களா என்று பார்த்தேன். ஒருத்தர் கேட்கவில்லை. பளபளப்பைத்தான் பார்த்தார்கள்.

இதையும் நான் விழுங்கிக்கொண்டேன். எழுத வைத்தது வேறொன்று. போன பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடி மாற்ற என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனார்கள். வழியில் ஒரு கைவினைக் கடை. வாசலில் மர பஸ், நெற்றியில் பொட்டு, மேலே பாகு. நான் நின்று பார்த்ததைப் பார்த்து, கடையில் இருந்த பெண் வெளியே வந்தது.

"உள்ள வாங்கம்மா. இது எங்க ஊரு பாரம்பரியம். வண்டிக்குப் பொட்டு வெச்சு அதுக்கு மேல பாலிஷ் போடுவாங்க. அந்தக் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம், ஐதீகம்."

"எந்தக் காலம்?" என்று கேட்டேன்.

"ராஜா காலத்துலேர்ந்தும்மா."

"ராஜா காலத்துல பஸ்ஸு ஏது?"

அது சிரித்துவிட்டது. நல்ல பெண்தான், அதன் மேல் எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பொட்டு காயாத பூச்சின் மேல் தப்பாகப் பட்டது, நான் பார்த்தேன், என் பூச்சின் மேல்தான் பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்குள் நாலு பேர் நின்றிருந்தார்கள். கூட வந்தவர்கள் "நேரமாவுது, வா" என்றார்கள். வந்துவிட்டேன். வந்ததிலிருந்து தூக்கமில்லை. ஒரு பொம்பளை யோசிக்காமல் வைத்த கட்டை விரல் பாரம்பரியம் ஆகிவிட்டது, ஐதீகம் ஆகிவிட்டது. நான் வெயிலுக்குக் காத்திருந்து போட்டது எந்தக் கணக்கிலும் இல்லை.

அந்த முதல் பஸ்ஸுக்கு வெளிப்பக்கம்தான் முதலாளி ஊற்றச் சொன்னார். உள்பக்கம், சீட்டு வரிசை, கூரையின் அடிப்பக்கம், அங்கெல்லாம் கெட்டி கிளியர் போகவில்லை. நான் மெலிசாகப் போட்டது அங்கே அப்படியே இருக்கும். கடைசிச் சீட்டு வரைக்கும் போட்டிருக்கிறேன். அந்த பஸ் ஆபீஸ் இன்னும் இருக்கிறதா, கைமாறிவிட்டதா, கண்ணாடிப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கத்துக்கு எத்தனை என்பதும், ஜீப் அந்த வருஷமே செய்தோமா அடுத்த வருஷமா என்பதும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்தப் பட்டறையில் அப்போது வேலை செய்த யாராவது உயிரோடு இருந்து இதைப் படித்தால், நான் எழுதினதில் எது சரி எது தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள், பொட்டு எந்த நாளில் விழுந்தது என்பதை முக்கியமாக. அந்த பஸ் யார் கையிலாவது இருந்தால், ஒரு டார்ச் லைட்டை வாசப்படி வழியாக உள்ளே அடித்துப் பார்த்து, அந்தப் பூச்சு மங்காமல் இருக்கிறதா என்று யாராவது சரிபார்த்துச் சொல்லவேண்டும்.